உட்கார்ந்த சிங்கமும் ஓடும் சிங்கமும்

1993 ஜூன் 7, திங்கள்

காலையில் அலுவலகம் திறக்கும்போது வாசலில் ஒரு மனிதரும் ஒரு சைக்கிளும் காத்திருந்தார்கள். மனிதர் முழுதாக இருந்தார். சைக்கிள் இரண்டாக இருந்தது. உடுமலையிலிருந்து பேருந்துக் கூரையில் கட்டி எடுத்து வந்திருக்கிறார். ஹேண்டில்பாரை மட்டும் திருடு போய்விடும் என்று மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம்.

குனிந்து முன்பக்க முத்திரையைப் பார்த்தேன். சிங்கம் ஓடிக்கொண்டிருந்தது.

"இது எங்க சைக்கிள் இல்லீங்க."

"ராஜகேசரின்னுதானே போட்டிருக்குது?"

"போட்டிருக்குதுங்க."

"உங்க போர்டுலயும் ராஜகேசரின்னுதானே இருக்குது?"

"இருக்குதுங்க."

"அப்புறம்?"

இந்த 'அப்புறம்' என்ற கேள்விக்குப் பதில் சொல்வதுதான் பதினோரு வருடமாக என் உத்தியோகம். எங்கள் ராஜகேசரி கோயம்புத்தூர் கணபதியில் 1958 முதல் நடக்கிறது. இன்னொரு ராஜகேசரி லூதியானாவில் இருக்கிறது. அவர்களுக்கும் எங்களுக்கும் உறவு இல்லை, பங்கு இல்லை, பேச்சுவார்த்தையும் இல்லை. யாரைக் கேட்டு அந்தப் பெயரை வைத்தார்கள் என்று நாங்கள் கேட்கிறோம். நீங்கள் யாரைக் கேட்டு வைத்தீர்கள் என்று அவர்கள் கேட்கிறார்கள். ஆறு வருடமாக இது கோர்ட்டில் நடக்கிறது. எங்கள் முத்திரையில் சிங்கம் உட்கார்ந்திருக்கும், அவர்களுடையதில் ஓடும். எங்கள் ஃபிரேம் எண் பெடல் அச்சுக்கு அடியில் இருக்கும், 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும். அவர்களுடையது சீட்டுக்குக் கீழே, எழுத்தில்லாத வெறும் எண்.

எல்லாவற்றையும் அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டார். டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்தார். "சரிங்க, எல்லாம் புரிஞ்சுதுங்க. எப்ப ரிப்பேர் பண்ணிக் குடுப்பீங்க?" என்றார்.

மிக்ஸி இன்னும் ரிப்பேர் கடையிலேயே இருக்கிறது. அம்மியில் அரைத்துத் தோள்பட்டை வலிக்கிறது.

ஜூன் 9, புதன்

பதினாறு கடிதங்கள். பதினைந்து ஓடும் சிங்கம். ஒன்று, பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு முதலாளி தலைமை தாங்க முடியுமா என்று கேட்டது.

ஓடும் சிங்கத்துக்கென்று ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். ஸ்டென்சில் வெட்டி ஐந்நூறு பிரதி எடுத்தது. பெயரை மட்டும் பேனாவால் எழுதினால் போதும். முதல் பத்தி வருத்தம், இரண்டாம் பத்தி விளக்கம், இரண்டும் வக்கீல் எழுதிக் கொடுத்தவை. மூன்றாவது பத்தி என்னுடையது: "தங்கள் வண்டியின் முத்திரையில் சிங்கம் உட்கார்ந்திருந்தால் அது எங்கள் தயாரிப்பு. அதில் தாங்கள் கவலையின்றிச் செல்லலாம்." சும்மா சொல்லக் கூடாது, நல்ல வாக்கியம். வக்கீலே பாராட்டினார்.

முன்பெல்லாம் ஒவ்வொரு கடிதத்தையும் கடைசிவரை படித்துத் தனித்தனியாகப் பதில் எழுதுவேன். இப்போது முதல் நான்கு வரியிலேயே வாசம் தெரிந்துவிடுகிறது. ஒடிந்தது என்று வந்தால் ஓடும் சிங்கம்தான். எங்கள் வண்டி துருப்பிடிக்கும், கிறீச்சிடும், செயின் கழலும். ஒடியாது.

ஜூன் 14, திங்கள்

தேனியிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய ராஜகேசரி ஒன்பது வருடமாக ஒரு குறையும் வைக்கவில்லையாம். வண்டியோடு நின்று போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். சிங்கம் ஓடுகிறது.

முதலாளி கிட்டுசாமியிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெளிவாத் தெரியல அம்மிணி. பாராட்டு பைல்ல போடு" என்றார்.

போட்டேன்.

ஜூன் 18, வெள்ளி

ஒன்பது கடிதங்கள். ஒன்று அன்னூர் பக்கத்திலிருந்து, கமலவேணி என்ற கிராம சுகாதார நர்ஸ் எழுதியது. சரிவில் இறங்கும்போது முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் ஒடிந்து முகம் தரையில் மோதியிருக்கிறது. இரண்டு பல் போய்விட்டது, தாடையில் கட்டு. பாவமாக இருந்தது. பெயரை எழுதி ஓடும் சிங்கக் கடிதத்தை அனுப்பினேன். இரண்டு பக்கம் எழுதியிருந்தார், கையெழுத்து அச்சு மாதிரி அழகு.

மிக்ஸி வந்துவிட்டது. சத்தம் மட்டும் வருகிறது, அரைபடவில்லை.

ஜூன் 24, வியாழன்

கேஸ் ஜூலை இருபதாம் தேதி வருகிறது. லூதியானாக்காரர்களின் மட்டமான சைக்கிளால் எங்கள் பெயர் கெடுகிறது என்பதுதான் எங்கள் கட்சி. அதற்குச் சாட்சி என்னுடைய கோப்பு. நூற்றி நாற்பது புகார்க் கடிதங்களை எண் போட்டுப் பட்டியல் எடுத்து, அனைத்தும் ஓடும் சிங்கம் என்று நான் உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும்.

முதலாளி பட்டியலைப் புரட்டிவிட்டு, "எல்லாம் செயின் போச்சு, பிரேக் போச்சுன்னே இருக்குது. அடிபட்டது யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார்.

நர்ஸ் கடிதத்தைச் சொன்னேன். முதல் பக்கத்தைப் படித்ததும் அவர் முகம் மலர்ந்தது. பிறகு மலரக் கூடாது என்று ஞாபகம் வந்து உச்சுக் கொட்டினார்.

"இதுதான் அம்மிணி கேஸு. இதை நூத்தி நாப்பத்தொண்ணாப் போடு."

போட்டேன். பாராட்டியது சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஜூன் 30, புதன்

கமலவேணியிடமிருந்து போஸ்ட் கார்டு. நான்கே வரி.

"தங்கள் கடிதம் கிடைத்தது. என் சைக்கிளில் சிங்கம் உட்கார்ந்திருக்கிறது. பலமுறை பார்த்துவிட்டேன். அப்படியானால் இது யாருடைய சைக்கிள் என்று தெரிவிக்கவும்."

முதலாளியிடம் கொண்டுபோனேன்.

"நம்ம முத்திரையை அடிச்சு அவனுங்க வண்டியில ஒட்டியிருப்பானுங்க" என்றார். "இதையும் சேர்த்து வை. திருட்டுக்கும் சாட்சியாச்சு."

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஜூலை 1, வியாழன்

ரசத்தில் இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டேன். வீட்டுக்காரர் சாதத்தில் மோர் ஊற்றிக்கொண்டார். இவருக்கு மில்லில் ஷிஃப்ட் மாறியிருக்கிறது.

ஜூலை 2, வெள்ளி

குறிப்பிடும்படி ஒன்றுமில்லை. கோப்பறைக்கு இரண்டு முறை போனேன். தூசி அதிகம்.

ஜூலை 3, சனி

மதியம் எல்லோரும் போனபிறகு கமலவேணியின் பழைய கடிதத்தை எடுத்தேன். இரண்டாம் பக்கத்தைப் படித்தேன்.

ஜூன் பதினெட்டாம் தேதி நான் அதைத் திருப்பவே இல்லை. 'கையெழுத்து அழகு' என்று இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். அழகைப் பார்த்தேன், எழுத்தைப் படிக்கவில்லை. அவர் எழுதியிருப்பதை அப்படியே இங்கே எழுதுகிறேன். எழுதினால்தான் நான் இன்னொரு முறை படித்ததாக ஆகும்.

"எனக்கு நஷ்ட ஈடு ஏதும் வேண்டாம். மார்ச் மாதம் அன்னூரில் ஒரே கடையில், ஒரே நாளில், நர்ஸுகள் நாங்கள் ஆறு பேர் இந்த வண்டியை வாங்கினோம். மற்ற ஐந்து பேரும் தினமும் இதில்தான் ஊர் ஊராகப் போகிறார்கள். அந்த ஐந்து வண்டிகளையும் யாராவது வந்து ஒரு முறை பார்த்துவிட்டுப் போனால் போதும். எண்கள் பெடலுக்கு அடியில் உள்ளன. என்னுடையது ஆர் 41187. மற்றவை கீழே."

கீழே ஐந்து பெயர், ஐந்து ஊர், ஐந்து எண். எல்லாம் 'ஆர்'.

முத்திரையை யாரும் அடித்து ஒட்டலாம். எங்கள் எண்ணைப் பெடல் அச்சுக்கு அடியில் எங்கள் வரிசையிலேயே அடிக்க லூதியானாவில் யாருக்கும் தலையெழுத்து இல்லை.

பதினைந்து நாள் போயிருக்கிறது. வீட்டுக்குப் போகும் பேருந்தில் சில்லறையைக் கொட்டிவிட்டேன்.

ஜூலை 4, ஞாயிறு

தலைக்குக் குளித்தேன். மிளகாய் காயப்போட்டேன். ஐந்து பேருக்கும் ஞாயிறு விடுமுறையாகத்தான் இருக்கும்.

ஜூலை 5, திங்கள்

பெலிக்ஸிடம் எண்களைக் காட்டினேன். செக்கிங் பிரிவு அவன் பொறுப்பு. தயாராகும் ஃபோர்க்குகளில் பத்துக்கு ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்து, தாங்கினால் அந்தப் பத்தையும் விடுவான். இந்த ஒடியாத பெருமை எல்லாம் அவன் கையிலிருந்து வந்ததுதான்.

தன் நோட்டை எடுத்துப் பார்த்தான். பக்கத்தைத் திருப்பினான். மறுபடி முன்னால் திருப்பினான்.

"அக்கா, இந்த வரிசையில இருபத்தி நாலு வண்டி. பிப்ரவரி கடைசி வாரம். அந்த வாரம் ஒரு டிக்கும் இல்ல."

"ஏன்? லீவா?"

"லீவு இல்லக்கா. வக்கீல் கேட்டாருன்னு முதலாளி சொன்னாருல்ல, ஓடுற சிங்கம் எத்தனை கிலோவுல ஒடியுதுன்னு கணக்கு எடுக்கச் சொல்லி? வாரம் பூரா நான் அவங்க ஃபோர்க்கைத்தான் ஒடிச்சுட்டு இருந்தேன்."

சிரிப்பு வரவேண்டிய இடம். இருவருக்கும் வரவில்லை.

இருபத்தி நாலில் ஆறு அன்னூருக்குப் போயிருக்கிறது. மீதிப் பதினெட்டு கோடவுனிலேயே இருந்தது. மாலைக்குள் பெலிக்ஸ் பதினெட்டையும் அழுத்திப் பார்த்தான். பதினொன்று ஒடிந்தது. பற்றவைத்த இடத்தில் உருகிய பித்தளை உள்ளே ஓடாமல் மேலோடு நின்றிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் நல்ல சைக்கிள்.

ஜூலை 6, செவ்வாய்

முதலாளியிடம் இருவரும் போனோம். ஒடிந்த ஃபோர்க்குகளில் ஒன்றைப் பெலிக்ஸ் மேஜைமேல் வைத்தான். முதலாளி அதைத் தொடவில்லை.

"இருபதாம் தேதி கேஸு" என்றார்.

"அஞ்சு பேரு ஓட்டிட்டு இருக்காங்கய்யா" என்றேன்.

"நான் இல்லைங்கல. இருபத்தொண்ணாம் தேதி நானே நேர்ல போயி மாத்திக் குடுத்துட்டு வர்றேன். நடுவுல இது வெளிய போச்சுன்னா என்ன ஆகும்னு யோசிச்சியா? அவன் வண்டி ஒடியுது, நம்ம வண்டி ஒடியாதுன்னு ஆறு வருஷமாச் சொல்லிட்டு இருக்கிறோம் அம்மிணி. எங்கப்பா வச்ச பேரு. இது ஒண்ணு போதும், பேரைத் தூக்கி அவன் கையில குடுத்துருவாங்க."

"நாளைக்குப் புதன்கிழமைங்கய்யா" என்றான் பெலிக்ஸ். "ஊசி போடுற நாளு. அஞ்சு பேரும் ரோட்லதான் இருப்பாங்க."

முதலாளி ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பெயர்ப்பலகையின் பின்பக்கம்தான் அங்கிருந்து தெரியும். பிறகு சாப்பிடப் போனார். கம்பெனி வேன் சாவியை மேஜைமேல் விட்டுவிட்டுப் போனார். பொதுவாகச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறவர். மறதியா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

நாளைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம்: சொந்த வேலை.

ஜூலை 7, புதன்

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். வேனில் ஐந்து சைக்கிள். ஒவ்வொன்றின் ஃபோர்க்கையும் பெலிக்ஸ் ராத்திரியே தனியாக அழுத்திப் பார்த்திருந்தான். பத்துக்கு ஒன்று இல்லை, பத்துக்குப் பத்து.

முதல் மூவரை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பிடித்துவிட்டோம். ஊசி மருந்துப் பெட்டி வாங்க வந்திருந்தார்கள். வண்டியை மாற்றித் தருகிறோம் என்றதும் ஒருவர் சந்தேகமாக, "எதுக்குங்க? பரிசா?" என்று கேட்டார். பெலிக்ஸ் ஃபோர்க்கைக் காட்டி விளக்கினான். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். நான்காமவர் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தார். வண்டியை அவர் தம்பி மார்க்கெட்டுக்கு எடுத்துப் போய், இரண்டு மூட்டை வெங்காயத்தோடு திரும்பி வந்துகொண்டிருந்தான். பெலிக்ஸ் ஓடிப்போய் மூட்டைகளை இறக்கினான்.

ஐந்தாவது வசந்தாமணி. குட்டைக்காட்டுப்புதூர் போய்விட்டார் என்றார்கள். அங்கே போனால், ஊசி போட்டுவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டார் என்றார்கள். நடுவில் ஒரு பள்ளம், செங்குத்தாக இறங்கி ஏறும் மண் சாலை. வேன் அதில் இறங்காது என்று பெலிக்ஸ் சொன்னான். நான் இறங்கி நடந்தேன். நடந்தேன் என்று எழுதுவது மரியாதைக்காக. நாற்பத்தி நான்கு வயதில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். வழியில் சாலையோரம் கிடந்த ஒரு வெள்ளைத் துணியைப் பார்த்து எனக்கு மூச்சே நின்றுவிட்டது. உரச் சாக்கு.

பள்ளத்தின் எதிர்மேட்டில் ஒரு வீட்டு வாசலில் சைக்கிள் நின்றது. பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு வசந்தாமணி திரும்ப இறங்கத் தயாராக ஒரு காலைப் பெடலில் வைத்துவிட்டார்.

"ஏறாதீங்க!" என்று கத்தினேன்.

என்னைப் பைத்தியம் என்று நினைத்தாரோ என்னவோ, வண்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சைக்கிள் கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றேன். ஃபோர்க் மோசம், இதில் போகக் கூடாது என்றேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"அது கமலவேணியக்கா வண்டிங்க. அது டூப்ளிகேட்டாமா. எங்களுது நல்ல வண்டிங்க. கம்பெனியே எழுதிக் குடுத்திருக்குதே, பாக்கறீங்களா?"

மருந்துப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் மடித்து வைத்திருந்ததை எடுத்து நீட்டினார். ஸ்டென்சில் கடிதம். கமலவேணி ஐந்து பேருக்கும் படித்துக் காட்டினாராம். இவர் மட்டும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டாராம். மூன்றாவது பத்தியின் கீழே கோடு போட்டிருந்தது.

"பாருங்க, சிங்கம் உக்காந்திருந்தா கவலையில்லாமப் போலாம்னு போட்டிருக்குது. உக்காந்திருக்குதான்னு அஞ்சு பேரும் பாத்துக்கிட்டோம். முன்னாடியெல்லாம் கமலவேணியக்கா சொல்லுச்சுன்னு இந்தப் பள்ளத்துல இறங்கித் தள்ளிட்டுத்தானுங்க போவேன். இது வந்ததுக்கப்புறம்தான் ஏறி விடறது."



"அதை எழுதினது நான்தானுங்க" என்றேன். "தப்பா எழுதிட்டேன்."

அதற்குள் பெலிக்ஸ் மூச்சிரைக்க வந்துவிட்டான். முன் சக்கரத்தைத் தூக்கி இரண்டு முறை தரையில் மோதினான். மூன்றாவது முறை தேவைப்படவில்லை. வசந்தாமணி ஒடிந்த இடத்தையும் பள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "மருந்து சூடாயிரும், நான் போவணும்" என்று மட்டும் சொன்னார். பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன். பள்ளத்தில் இறங்கி ஏறும்வரை அவர் எனக்கு முன்னாலேயே நடந்தார்.

திரும்பி வரும்போது கமலவேணியின் ஊரைத் தாண்டித்தான் வந்தோம். "நிறுத்தவாக்கா?" என்று பெலிக்ஸ் கேட்டான். நேரமாகிவிட்டது என்றேன். மணி இரண்டரை. நேரமெல்லாம் இருந்தது. பயம்.

ஜூலை 8, வியாழன்

வக்கீலின் குமாஸ்தா உறுதிமொழிப் பத்திரத்தோடு வந்தார். நூற்றி நாற்பத்தொன்று என்ற இடத்தில் குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் 'இது எங்கள் தயாரிப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குமாஸ்தா பதறிக்கொண்டு முதலாளி அறைக்கு ஓடினார்.

முதலாளி வெளியே வந்து பத்திரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அடிச்சதுதான் அடிச்ச, ஸ்கேலு வச்சு அடிச்சிருக்கலாமில்ல?" என்றார்.

கோடு கோணலாகத்தான் போயிருந்தது. மதியம் என்னைக் கூப்பிட்டு, திங்கட்கிழமையிலிருந்து டெஸ்பாட்சைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அங்கே பெட்டிகளை எண்ணி லேபிள் ஒட்ட வேண்டும். கடிதம் எழுதும் வேலை இல்லை. பதினோரு வருடம். பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

பதினெட்டு வண்டியின் ஃபோர்க்கையும் புதிதாகப் பற்றவைக்கச் சொல்லியும் அவர்தான் உத்தரவு போட்டிருக்கிறார். அதை என்னிடம் சொல்லவில்லை. பெலிக்ஸ் சொல்லித் தெரிந்தது.

ஜூலை 9, வெள்ளி

நாளைக்கு அரை நாள் வேலை. பன்னிரண்டே முக்காலுக்குக் காந்திபுரத்திலிருந்து அன்னூர் பேருந்து இருக்கிறது. இவர், "நானும் வரட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். எதற்குப் போகிறேன் என்று இதுவரை அவரிடம் சொல்லவில்லை. இருந்தும் கேட்டார்.

ஜூலை 10, சனி

கமலவேணி என்னைவிடச் சின்னவர். முப்பத்தைந்து இருக்கலாம். தாடையில் கட்டு இன்னும் இருக்கிறது. முன் பல் இரண்டும் இல்லாததால் பேசும்போதெல்லாம் கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொள்கிறார். ஒடிந்த சைக்கிள் வீட்டுப் பின்பக்கம் சாக்குப் போட்டு மூடியிருந்தது.

நான் யார் என்று சொன்னதும் அவர் முதலில் கேட்டது, "அந்த அஞ்சு பேரும்?"

"அஞ்சு வண்டியும் மாத்தியாச்சுங்க. புதன்கிழமையே."

"தெரியுமுங்க. வசந்தாமணி வந்து சொல்லுச்சு. உங்க வாயால கேக்கலாமுன்னு கேட்டேன்."

நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். இது எங்கள் சைக்கிள்தான், கோளாறு எங்களுடையதுதான், பதில் எழுதியது நான்தான், ஒடிந்தது என்றாலே அடுத்தவன் வண்டி என்று நினைத்துவிட்டேன் என்றேன். கடைசியாக, சொல்ல முடியாமல் வைத்திருந்ததையும் சொன்னேன்.

"உங்க கடுதாசியில ரெண்டாம் பக்கத்தை நான் படிக்கவே இல்லீங்க."

"அது எனக்கு அப்பவே தெரியுமுங்க" என்றார். "படிச்சிருந்தா அப்படிப் பதில் போட்டிருக்க மாட்டீங்க."

நாற்காலியை இழுத்தேன். உட்கார்ந்துகொண்டேன்.

என்ன செய்ய வேண்டும், பல் கட்ட, ஆஸ்பத்திரிக்கு, எதுவானாலும் முதலாளியிடம் நானே பேசுகிறேன் என்றேன். அதையெல்லாம் பிறகு பார்க்கலாம் என்று கை காட்டினார்.

"ஒரே ஒரு உபகாரம் பண்ணுங்க. எங்க ஊட்டுக்காரரு வர்ற வரைக்கும் இருந்து, இப்பச் சொன்னதை அவருகிட்டயும் சொல்லிட்டுப் போங்க. உங்க கடுதாசி வந்த நாள்லேருந்து, கண்ணு தெரியாமப் போயி டூப்ளிகேட் வண்டியை வாங்கிட்டு வந்து பல்லையும் ஒடைச்சுக்கிட்டேன்னு தினமும் பாட்டு. சிங்கம் உக்காந்திருக்குது பாருங்கன்னு காட்டினேன். கம்பெனிக்காரனைவிட உனக்குத் தெரியுமான்னு கேக்கறாரு. இந்த மூணு வாரமா எந்தப் பேச்சுன்னாலும் அங்கதான் வந்து நிக்குது. உப்புக் கொறைஞ்சா, நீதான் சைக்கிள் வாங்கினவளாச்சேங்கறாரு."

அவர் கணவர் சென்னியப்பன் பஞ்சாயத்துத் தண்ணீர் மோட்டார் ஓட்டுகிறவர். மேல்நிலைத் தொட்டி நிறைந்தால்தான் வருவார். எனக்குப் பேருந்து ஐந்தே முக்காலுக்கு. அதை விட்டால் அன்னூருக்கு நடக்க வேண்டும் என்று கமலவேணியே சொன்னார். இருக்கிறேன் என்றேன். தாடைக் கட்டால் அவருக்குக் கஞ்சிதான் ஆகாரம், அதைக் காய்ச்ச வேண்டியிருந்தது. நான் அரிசி நொய் புடைத்துக் கொடுத்தேன். வேலை நடக்கும்போது இருவரும் பேச வேண்டியிருக்கவில்லை. பேருந்து வந்து நின்று புறப்படும் சத்தம் கேட்டது.

ஆறேகாலுக்கு சென்னியப்பன் வந்தார். தலையில் துண்டு, கையில் பெரிய ஸ்பேனர். புது ஆளைக் கண்டதும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். கமலவேணி என்னைப் பார்த்தார்.

எழுந்து நின்று மறுபடி ஆரம்பத்திலிருந்து சொன்னேன். இரண்டாவது தடவை சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. அவர் ஸ்பேனரைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கூரைச் சந்திலிருந்து என் கடிதத்தை உருவி எடுத்து, அதிலிருந்த கையெழுத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அப்படின்னா, இவ வாங்கினது அசல் கம்பெனி சைக்கிள்தானுங்களா?"

"அசல்தானுங்க" என்றேன். "ஆனா நல்ல சைக்கிள் இல்லீங்க."

கமலவேணி சிரித்துவிட்டார். கட்டுப்போட்ட தாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வலியில் கண்ணில் நீர் வழிய, நிறுத்த முடியாமல் சிரித்தார். வாயை மூடிக்கொள்ள அவருக்குக் கை மீதி இல்லை. சென்னியப்பன் சிரிக்கவில்லை. மனைவி பக்கம் திரும்பினார். ஸ்பேனரைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, அடுப்பில் இருந்த கஞ்சியை இறக்கி, ஆற்றத் தொடங்கினார்.